சிஸ்டர் கழுவிய எக்ஸ்ரே படங்கள்

அடிபட்டு வந்தவனிடம் ஊரில் எல்லாரும் "எப்படி ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் சிஸ்டர் "எங்கே நின்னுக்கிட்டு இருந்தே?" என்று கேட்பார். ரத்தம் சொட்டச் சொட்ட நிற்கிறவனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னா சிஸ்டர், வெரலு தொங்கிக்கினு கீது, எங்க நின்னே எங்க நின்னேன்னுகினு..."

"கட்டு போட்டுக்கிட்டேதானே கேக்கறேன்? சொல்லு, எந்த பிரஸ்?"

கட்டுப் போடுவதில் அவர் கெட்டிக்காரர். வாய் கேள்வி கேட்கும். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். வலி தெரியாமல் இருக்கத்தான் பேச்சுக் கொடுக்கிறார் என்று பலர் நினைத்தார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். அவருக்கு உண்மையிலேயே பதில் வேண்டியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். பிரஸ் மெஷின்களில் தகட்டை வெட்டி, வளைத்து, துளை போட்டுப் பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிற இடம். சிஸ்டருக்கு முதலுதவி அறை. எனக்கு டைம் ஆபீஸ். அதாவது வாசலில் பஞ்ச் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, எவன் எத்தனை நிமிடம் லேட் என்று பார்த்துச் சொல்லித் திட்டு வாங்குகிற வேலை. சிஸ்டருக்கும் ஒரு பெயர் இருந்தது. வருகைப் பட்டியலில் மாதாமாதம் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் மேனேஜரிலிருந்து பெருக்குகிற அம்மா வரைக்கும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருவார். நான் ஆவடியில் ஏறுவேன். ஒருநாள் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. "மழை பெஞ்ச மறுநாள் முன்னாலேயிருந்து மூணாவது பெட்டியில ஏறுங்க. உக்கார இடம் கிடைக்கும்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "தெரியாது. ஆறு மாசமாப் பார்க்கிறேன், கிடைக்குது" என்றார். மறுநாள் ஏறினேன். இடம் இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெட்டியில் ஜன்னல்கள் மூடாது, சீட் முழுக்க ஈரம் என்று புரிந்தது. நனைந்த பின்பக்கத்தோடு பட்டரவாக்கத்தில் இறங்கியவனைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. சிரித்து முடித்துவிட்டு, "அதான் விஷயமா! சரி, சரி" என்று சின்ன நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

எதையும் தனியாகப் பார்க்க அவரால் முடியாது. ஒன்றை இன்னொன்றின் மேல் வைத்தால்தான் அவருக்குக் கண் தெரியும். ஒருநாள் என் மேஜைக்கு வந்து, லீவு ரிஜிஸ்தரை நாலு பக்கம் புரட்டிவிட்டு, "டைம் ஆபீஸ் சார், உங்க காய்ச்சலுக்கு வெள்ளிக்கிழமைதான் பிடிக்குமோ?" என்றார். புதுப்படம் எந்தக் கிழமையில் வெளியாகும் என்று ஊருக்கே தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு பென்சில் சீவினேன். வேடிக்கையாகத்தான் கேட்டார், ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சட்டையில்லாமல் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

இனி அந்தப் படங்கள். விரல் நசுங்கியவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். அங்கிருந்து பழுப்பு உறையில் எக்ஸ்ரே படத்தோடு திரும்புவார்கள். புண் ஆறி, கேஸ் முடிந்த பிறகு அந்தப் படம் யாருக்கும் வேண்டாம். சிஸ்டர் அதை வாங்கி, பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் ஊறப்போடுவார். மறுநாள் துணியால் தேய்த்தால் கறுப்பெல்லாம் வழிந்துபோய், இளநீலமாக, கண்ணாடிபோல ஒரு தாள் மிஞ்சும். கேன்டீன் பின்னால் துணிக்கொடியில் கிளிப் போட்டு வரிசையாகக் காயவைப்பார். ஒருவன் வந்து, "சிஸ்டர், என் படத்த குடுங்கோ, ஊட்ல காட்டணும்" என்றான்.

"அதைக் கழுவிட்டேனேப்பா."

"இன்னாது, என் எலும்ப கழுவிட்டீங்களா?"

"எலும்பு உன் கையிலதான்யா இருக்கு. போய் வேலையைப் பாரு."

காய்ந்த தாள்களை ஒரே அளவாக வெட்டுவார். ஒவ்வொன்றிலும் பிரஸ் ஷாப்பின் வரைபடம்: வாசல் இங்கே, தூண் இங்கே, பிரஸ்கள் வரிசை வரிசையாகச் சின்னச் சதுரங்கள். எல்லாத் தாளிலும் அந்தச் சதுரங்கள் ஒரே இடத்தில் இருக்கும். அடிபட்டவன் எந்த பிரஸ்ஸில் நின்றானோ அந்தச் சதுரத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. மாதத்துக்கு இரண்டு தாள். முதல் பாதிக்கு ஒன்று, பின்பாதிக்கு ஒன்று. அவர் வருவதற்கு முந்தைய காலத்து ரிஜிஸ்தர்களும் பீரோவில் இருந்தன. சோதனைக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போட மட்டும் திறக்கிற ரிஜிஸ்தர்கள். பூச்சி தின்றது போக மிச்சத்தைச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படித்து, பத்து வருஷத்துப் புள்ளிகளையும் வைத்து முடித்திருந்தார்.

தலைவலி மாத்திரைக்காக ஒருநாள் மத்தியானம் அவர் அறைக்குப் போனபோதுதான் அதை முதலில் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"வாங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுத்தார். ஒரு வருஷத்து முதல் பாதிகள், பன்னிரண்டு. ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்தேன். புள்ளிகள் கடுகு தெறித்த மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. "சரி, எடுத்துடுங்க. இப்ப இதை வைங்க." பின்பாதிகள். மேற்குச் சுவரோரம் இருந்த ஒரே வரிசை சிவப்பாகத் திரண்டு நின்றது.

"இப்ப நடுவிலேருந்து ஏதாவது ஒண்ணை உருவுங்க."

உருவினேன்.

"வரிசை இருக்கா?"

"இருக்கு."

"இன்னொண்ணு உருவுங்க. எந்த மாசம் வேணும்னாலும். வேற வருஷத்தைக்கூட வெச்சுப் பாருங்க."

நான் உருவினேன், சேர்த்தேன், மாற்றினேன், தலைகீழாகக்கூட அடுக்கினேன். எப்படி மாற்றினாலும் அந்த வரிசை போகவில்லை. விளையாட்டுப் போலத்தான் இருந்தது. திடீரென்று, நான் எடுத்து எடுத்து வைக்கிறதெல்லாம் விரல்கள் என்று உறைத்தது. மாத்திரை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

மேற்கு வரிசை பிரஸ்கள் காலால் மிதிக்கிறவை. தகட்டை உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்து, பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கி அடிக்கும். மாதக் கடைசியில் லோடு அனுப்புகிற அவசரத்தில் சில நேரம் கை வெளியே வருவதற்குள் கால் முந்திக்கொள்ளும். கை உள்ளே போகாமல் தடுக்க ஆரம்பத்தில் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் கம்பிக் கூண்டு இருந்தது. கூண்டு இருந்தால் வேலை மெதுவாகிறது என்று கழற்றி ஸ்டோர்ஸ் பின்னால் போட்டுவிட்டார்கள். சிஸ்டர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கூண்டுகளைத் திரும்ப மாட்டுங்கள்.

யாரிடமெல்லாம் கேட்டார்! சூப்பர்வைசர், "மாசக் கடைசி லோடை நீங்க அனுப்பறீங்களா சிஸ்டர்?" என்றார். யூனியன்காரர் படங்களைப் பார்க்கவே இல்லை. "இதுக்கு எதுக்குப் படம்? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே?" என்றார். மேற்கு வரிசையில் நிற்கிறவர்களே, "கூண்டு மாட்டுனா பீசு எறங்காது சிஸ்டர், அப்பால எங்கள தான் கத்துவானுங்கோ" என்றார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒளித்து வைத்திருந்த உண்மையைக் கண்டுபிடித்தால் சண்டையாவது போடலாம். இது எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்ததைத் தெரிந்ததென்று காட்டியதற்கு யாருக்கும் கோபம்கூட வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புது ஒர்க்ஸ் மேனேஜர் வந்தார். படித்தவர், சிரித்துப் பேசுகிறவர். அவரோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. அதற்கு ஏசி அறை. பிரஸ் ஷாப்பில் ஓடாத மின்விசிறி. சிஸ்டர் படங்களை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். தாள்களைத் தூக்க நானும் போனேன். மேனேஜர் அசந்துவிட்டார். ஒரு மணி நேரம் தானே ஜன்னலில் வைத்து வைத்துப் பார்த்தார். ஒன்றை உருவுவார், "அட!" என்பார். "எங்க கம்ப்யூட்டர் செய்யாததை நீங்க செய்றீங்க சிஸ்டர்" என்றார். சிஸ்டரின் முகம் சந்தோஷத்தில் சிவந்துபோனது. அந்த முகத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பிறகு மேனேஜர் கேட்டார்: "இதே மாதிரி, அடிபடறவங்க எங்கேருந்து வராங்கன்னு பார்க்க முடியுமா?"

அத்தனை நாளில் யாரும் அவரிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டதில்லை. பசித்தவனுக்கு இலை போட்ட மாதிரி ஆகிவிட்டது. "முடியும் சார்" என்றார். என்னிடம் விலாச அட்டைகளைக் கேட்டார். நான் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

பத்து நாள் உழைத்தார். புதுத் தாளில் ரயில் பாதை, பூந்தமல்லி ரோடு, சுற்றுப்பட்ட ஊர்கள். அடிபட்டவன் வீடு எங்கேயோ அங்கே புள்ளி. ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் பரவலாக இருந்தது. காட்டுப்பாக்கத்தில் கொஞ்சம். குத்தம்பாக்கத்தில் மட்டும் புள்ளி மேல் புள்ளியாகத் திட்டுப்போல நின்றது.

"என்ன சிஸ்டர், ஒரே ஊரா?" என்றேன். சிஸ்டர் அசையவில்லை. "இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாம் ரெண்டு வருஷமா வர தற்காலிகம்தானே? புதுசா வரவங்களை எங்கே நிறுத்தறாங்க?"

"மேற்கு வரிசையில."

"அவ்வளவுதான். ஊருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே எங்க சர்ச் பிஷப்பை நிறுத்தினாலும் அவருக்கும் விரல் போகும்."

இரண்டு படத்தையும் ஒன்றாக கிளிப் போட்டு, மேலே ஒரு சீட்டில் 'இரண்டையும் சேர்த்துப் பார்க்கவும்' என்று எழுதிக் கொடுத்தார். மேனேஜர் மீட்டிங்குக்குப் போகும்போது நான் வராந்தாவில் நின்றிருந்தேன். அவர் கையில் ஊர்ப் படம் மட்டும்தான் இருந்தது. கிளிப்பும் சீட்டும் இல்லை. பார்த்தேன், பேசாமல் இருந்தேன்.

அடுத்த வாரம் குத்தம்பாக்கத்துப் பதினோரு பேரின் கார்டுகளையும் எடுத்துவிடச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பஞ்ச் கடிகாரத்துக்குப் பக்கத்தில் கார்டைத் தேடினார்கள். கோதண்டம் என்று ஒருவன், நல்ல உயரம், என் மேஜைக்கு வந்தான்.

"இன்னா சார், என் கார்ட காணோம்?"

அவன் ஊர் ஆட்கள்தான் அதிகம் அடிபடுகிறார்களாம் என்று காரணம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது. அவன் இரண்டு கையையும் என் மேஜை மேல் விரித்து வைத்தான். பத்து விரலும் முழுசாக இருந்தன.

"நான் ஒரு தபாகூட அடிபட்டுக்கலயே சார். எங்க ஊருக்கா சார் வெரலு போச்சு?"

"மேலே கேளுப்பா" என்றேன். மேலே என்று நான் சொன்ன இடத்துக்குப் போக அவனுக்கு கேட் பாஸ் கிடையாது.

சிஸ்டர் அன்றைக்கு மேனேஜர் அறைக்கு ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று வராந்தாவிலேயே கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"சார், இதுக்கு மேல அந்தப் படத்தை வைக்கணும் சார். வெச்சாதான் தெரியும்!"

"சிஸ்டர், நான் ஒண்ணும் கற்பனை பண்ணலை. உங்க படம்தான் சொல்லுது."

"அது என் படம் இல்லை சார். பாதிப் படம்."

"கூண்டு மாட்டினா உற்பத்தி என்ன ஆகும்னு உங்க படத்துல இல்லையே" என்றார் மேனேஜர். கோபமாகச் சொல்லவில்லை. நல்லவிதமாகவே சொன்னார். டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

அதன்பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. புள்ளிகள் குறைந்தன. அடுத்த மாதப் பின்பாதியில் மூன்று. அதற்கடுத்த மாதம் ஒன்று. பிறகு ஒன்றும் இல்லை. வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை வைத்தார்கள். தினமும் காலையில் எண்ணை மாற்றுவது என் வேலை. ஒருநாள் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். சிஸ்டருக்கு மட்டும் ஒரு பெட்டி.

கூண்டை யாரோ சத்தம்போடாமல் மாட்டிவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். பாவம், அப்படித்தான் நம்ப ஆசைப்பட்டார். போய்ப் பார்த்தோம். ஸ்டோர்ஸ் பின்னால் கூண்டுகள் அப்படியே துருப்பிடித்துக் கிடந்தன. கோவைக்கொடி ஏறிப் பழம்கூடப் பழுத்திருந்தது. மேற்கு வரிசையில் புது ஆட்கள் பெடல் மிதித்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் அறைக்குத் திரும்பி, புள்ளியே இல்லாத தாளை ஜன்னலில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது என்னன்னு எனக்குப் படிக்கத் தெரியலை சார்" என்றார்.

காட்டுப்பாக்கத்துத் தனசேகர் நாலு நாளாக வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் அவன் மனைவி கேட்டில் வந்து அழுதாள். உள்ளங்கையில் தகடு கிழித்திருக்கிறது. காப்பித்தூளை வைத்து அமுக்கி, கந்தலைச் சுற்றிக்கொண்டு எட்டு நாள் அதே கையோடு பெடல் பிரஸ்ஸில் நின்றிருக்கிறான். சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, கடைசியில் மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள். சிஸ்டரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"என்கிட்ட வந்திருந்தா பத்து நிமிஷ வேலைப்பா. ஏன் வரலை?" என்று கேட்டார் சிஸ்டர்.

தனசேகர் அவரைத் தேற்றுகிற குரலில்தான் பேசினான். "உங்க மேல கோவம்லாம் இல்ல சிஸ்டர். எங்க ஊர்லேர்ந்து ஒம்போது பேரு வர்றோம். நான் வந்து காட்டி, நீங்க ஒரு புள்ளி வெச்சு, அவங்களயும் நிறுத்திட்டாங்கன்னா? அதான்."

மறுநாள் மத்தியானம் இரண்டாம் ஷிப்ட் உள்ளே வருகிற நேரத்தில் சிஸ்டர் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தனசேகர் கடைசியாக எந்தத் தேதியில் வேலைக்கு வந்தான் என்று என் ரிஜிஸ்தரில் பார்க்க வந்தவர். பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ஆட்கள் வரிசையாகக் கார்டை எடுத்து, கடிகாரத்தில் செருகி, அடித்து, திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு பேர் எல்லாவற்றையும் இடது கையால் செய்தார்கள். பீச்சாங்கையால் கார்டைத் தொட்டால் அன்றைக்கு வேலை விளங்காது என்று அடுத்தவனோடு சண்டைக்குப் போகிறவர்கள் அவர்கள். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்றார்.

"மூணு மாசமா."

"நீங்க பார்த்துக்கிட்டுதான் இருந்தீங்க."

"ஆமாம் சிஸ்டர்."

"எனக்கு ஏன் சொல்லலை?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். "சொன்னா நீங்க புள்ளி வைப்பீங்க" என்றேன்.

அவர் ரிஜிஸ்தரை மூடி வைத்தார். பிறகு அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் வரிசைக்கு எதிரே நின்றார்.

"தம்பி, கையைக் காட்டுப்பா. நான் எழுத மாட்டேன். மருந்து மட்டும் போடறேன்."

"ஒண்ணியும் இல்ல சிஸ்டர். நல்லா கீறேன்" என்று அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான்.

"நீயாவது காட்டுய்யா."

"நல்லா கீறேன் சிஸ்டர்."

வரிசை முடிகிற வரைக்கும் ஒருவர் விடாமல் கேட்டார். எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.